கேள்விக்கு முன்னால் வந்த பதில்

அத்தியாயம் 11

நாற்பத்தாறு வயதில் சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த அம்மாவும், அதே கல்லூரியில் பாடம் நடத்தும் இருபத்தாறு வயது மகளும் ஒரே குளியலறைக்குக் காலையில் அடித்துக்கொள்வதை இத்தனை வாரமாகப் பார்த்துவிட்டோம். கல்லூரி வாசல் வரைக்கும் "ஏய், குடை எடுத்தியா?" வாசலைத் தாண்டினால் "குட் மார்னிங், மேடம்." இரண்டையும் சொல்வது அம்மாவின் ஒரே வாய்தான்.

போன வாரம் அந்த வாய் அடைத்துப்போனதையும் பார்த்தோம். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான ஒத்திகையில், நீதிபதியாக நடித்த மூத்த மாணவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "மன்னிச்சிடுங்க" என்று உட்கார்ந்தவள், வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "தேர்வு அன்னிக்கும் இப்படி நின்னேன்னா, படிப்பை விட்டுடுவேன். இது சத்தியம்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள். பதினாறு வருடத்துக்கு முன்னால் தங்கையின் வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றவள். எதிர்த்தரப்பு வக்கீல், "ஞாபகம் இருக்கா, இல்லையா?" என்று போட்ட அதட்டலில், தெரிந்ததற்கெல்லாம் "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். தங்கையின் குழந்தை தகப்பனோடு போயிற்று. தங்கை அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா சட்டம் படிக்க வந்ததற்குக் காரணம் அந்தக் கூண்டுதான். அந்தக் கூண்டை நினைத்துத்தான் இன்றைக்கும் அவளுக்குக் கை நடுங்குகிறது.

இன்று தேர்வு நாள். முதலாண்டில் ஆறு பேர் வாதாட, இரண்டு பேர் வெளியூர்ப் போட்டிக்குத் தேர்வாவார்கள்.

ஒரு மாதமாகத் தினமும் ஏழு மணிக்கே கல்லூரிக்கு ஓடி அந்த ஆறு பேரையும் பழக்கிக்கொண்டிருந்த மகள், இன்று பதினொரு மணிக்குத்தான் போட்டி என்பதால் நிதானமாகக் குளித்துவிட்டு வந்தாள். சமையலறையில் அப்பாவின் குரல் கேட்டது. வழக்கமான குரல் இல்லை. தொண்டையைக் கனைத்து, ஒரு ஜட்ஜ் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாடிக்கையாளர் அன்று கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தால், அந்த மறதிக்குக் கடைக்காரர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்: "பொறுப்பேற்க வேண்டியதில்லை, மை லார்ட். ஆனா கண்ணாடி போட்டிருந்தாலும் அவர் படிச்சிருக்க மாட்டார். நிபந்தனை ரசீதோட பின்பக்கத்துல இருக்கு. 'திருப்பிப் பார்க்கவும்'னு முன்பக்கத்துல ஒரு வார்த்தை இல்லை."

"பிரமாதம்!" என்றார் அப்பா.

"இதெல்லாம் எங்கேருந்துங்க பிடிக்கிறீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா கோர்ட்டுல டைப் அடிக்கிறேன். காதுல நாலு கேள்வி விழாதா?"

மகள் துண்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகில் இறங்கியது.

அது ஏழாவது கேள்வி.

போட்டிக்கான கற்பனை வழக்கு சின்னதுதான். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார், கடையில் அது தொலைந்துபோகிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'தொலைந்தால் கடை பொறுப்பல்ல' என்று இருக்கிறது. நஷ்டஈடு உண்டா, இல்லையா? வழக்கு எல்லா மாணவர்களுக்கும் தெரியும். நீதிபதிகள் கேட்கப்போகிற ஏழு கேள்விகள் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. அவை நீல உறைக்குள் இருந்தன. ஏழாவது, துறைத்தலைவர் குளிக்கும்போது தோன்றியதாக அவரே பெருமையடித்துக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

கல்லூரியில் பிரின்டர் மக்கர் செய்ததால், மூன்று நீதிபதிகளுக்கு மூன்று பிரதி எடுக்க அந்த உறையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தாள் மகள். அந்தத் துறையில் இருப்பதே இரண்டு விரிவுரையாளர்கள். இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருக்கிறாள். வேறு ஆள் இல்லை.

அம்மா கோட்டு மாட்டிப் பார்க்க உள்ளே போனதும் மகள் பால்கனிக்கு வந்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா. என் பையைத் திறந்தீங்களா?"

"ஸ்டேப்ளர் தேடினேன்மா."

"உறை மேல என்ன எழுதியிருந்துச்சு?"

பிரஷ் நின்றது. "நீதிபதிகளுக்கு மட்டும்."

"படிச்சிட்டுத்தான் பிரிச்சீங்களா?"

"படிச்சிட்டுத்தான்."

அவர் பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். தெரியாமல் செய்துவிட்டார் என்று ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கலாம்.

"என்னப்பா இது? வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும். வெள்ளிக்கிழமைதான் என் பேரை நிரந்தர வேலைக்கு அனுப்பறாங்க. அம்மாவைக் காலேஜ்ல இருந்தே எடுத்துடுவாங்க. வேலியே பயிரை மேயலாமா? நீங்க கோர்ட்டுல இருக்கிற ஆளு!"

"கத்தாதே. அவ காதுல விழப்போகுது." அப்பா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வாசிக்கப் போற தீர்ப்பு இன்னிக்குச் சாயங்காலமே என் கைக்கு வந்துடும். யாரு ஜெயிச்சா, யாரு தோத்தான்னு எனக்குத் தெரியும். வாசல்ல காத்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்ட நான் மூச்சு விட்டதில்லை."

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

"உன் சித்தி கேஸ் தீர்ப்பையும் நான்தான் டைப் அடிச்சேன்."

மகள் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"அந்த செக்‌ஷன் டைப்பிஸ்ட் அன்னிக்கு லீவு. கேஸ் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில போட்டாங்க. 'இந்தச் சாட்சிக்கு எதுவும் ஞாபகம் இல்லை, இவர் சொல்வதை நம்புவதற்கில்லை.' உங்க அம்மாவைப் பத்தின வரி. இந்த விரலாலதான் அடிச்சேன். அடிச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். 'நாளைக்கு நமக்குச் சாதகமா வரும்லங்க?'ன்னு கேட்டா. 'வரும்'னு சொன்னேன்." அவர் ஷூவுக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். "மறுநாள் கோர்ட்டுல எல்லார் முன்னாலயும் அதைக் கேட்டா. அப்ப அவ முகத்தைப் பாத்தேன். போன வாரம் ஒத்திகை முடிஞ்சு வந்தப்ப, திரும்ப அதே முகம். இந்தத் தடவை வாயை மூடிட்டு உட்கார என்னால முடியலைமா."

"அம்மாவுக்குத் தெரியுமா? தீர்ப்பை நீங்க அடிச்சது?"

"தெரியாது." அப்பாவின் கண்ணில் இத்தனை வயதுக்கு அவள் பார்த்தேயிராத ஒரு பயம் இருந்தது. "சொல்லிடாதே."

பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து சீட். அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"பயமாத்தான்டி இருக்கு. ஆனா போன வாரம் மாதிரி இல்லை. மூணு நாளா உங்க அப்பா கேட்டதுக்கெல்லாம் எனக்குப் பதில் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதே, நான் ஜெயிச்சிடுவேன்னுகூடத் தோணுது."

இப்போதே சொல்லிவிடு என்று மகளின் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அம்மா இந்த பஸ்ஸிலேயே உடைந்துபோவாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவாள், இந்த ஜன்மத்தில் இன்னொரு மேடை ஏறமாட்டாள். சொல்லாவிட்டால், மற்ற ஐந்து பிள்ளைகளுக்கும் துரோகம். அவர்களுக்கும் 'ஆமாவா இல்லையான்னு முதல்ல சொல்லு, காரணத்தை அப்புறம் சொல்லு' என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"என்னடி, உன் கை என் கையைவிட நடுங்குது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா. நேத்து சரியாத் தூங்கலை."

துறைத்தலைவரிடம் சொல்லிவிடுவது என்று மாடிப்படி ஏறும்போது தீர்மானித்தாள். பாதிப் படியில் தீர்மானம் ஆடியது. மேல்படியில் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவரே எதிரில் வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! உறை எங்கே?"

கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவர் குரலை இறக்கினார்.

"வீட்டுக்குப் போயிட்டு வந்த உறை. யாரும் பிரிச்சுப் பாக்கலையே? தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அம்மாவும் நிக்கறாங்கன்னு நாலு பேர் நாலு விதமாப் பேசினாங்க. அந்தப் பொண்ணைச் சந்தேகப்பட்டா என்னையே சந்தேகப்பட்ட மாதிரின்னு சொல்லி வாயை அடைச்சிட்டேன்."

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று அழைத்த மாதிரி கேட்கிறார். அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குப் போன வாரம் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"யாரும் பாக்கலை, சார்."

மூன்றே வார்த்தைகள். பயம் சொல்ல வைத்த பொய்க்கு நீளம் தேவையில்லை.

போட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. நீதிபதிகள் ஆள் பார்த்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்பதற்காக எண்தான். அம்மா எண் நான்கு. ஒருவர் வாதத்தை இன்னொருவர் கேட்கவும் கூடாது. ஆறு பேரும் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் அடைந்துகிடந்தார்கள். எண் ஐந்து, மகளைவிட ஏழு வயது சின்னவள், குப்பைத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு வாந்தி வருது."

"வரட்டும். போன வாரம் எனக்குப் பேச்சே வரலை. அதுக்கு இது தேவலாம்."

எண் ஐந்து சிரித்துவிட்டாள். அம்மா தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். "குறிப்பைப் பாக்காதே. ரசீதை மட்டும் மனசுல வச்சுக்கோ. மீதி தானா வரும்" என்று தைரியம் சொன்னாள்.

"எண் நான்கு!"

வகுப்பறைதான், இன்று நீதிமன்றம். மேடையில் நீளமான மேசை, மூன்று நாற்காலி, மூன்று தண்ணீர்க் கிளாஸ். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வலப்பக்கம் துறைத்தலைவர், இடப்பக்கம் குட்டை முடி வைத்த பெண் வக்கீல். கீழே ஒரு மாணவி நேர அட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள்: ஐந்து, இரண்டு, ஒன்று, நிறுத்து. கடைசி வரிசையில் மகள். உள்ளங்கை வியர்த்ததை அவள் புடவையில் துடைத்துத் துடைத்து, அந்த இடம் ஈரமாகியிருந்தது.

அம்மா சாய்மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். கோட்டின் கை நீளம், விரல் நுனிதான் வெளியே தெரிந்தது.

"மை லார்ட்ஸ், மை லேடி. நான் வாடிக்கையாளர் தரப்பில் முன்னிலையாகிறேன்."

குரல் முதல் வரியில் உடைந்து, இரண்டாவது வரியில் ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் ஓடியது. பெண் வக்கீல் குறுக்கிட்டாள்.

"நிபந்தனை ரசீதில் அச்சாகியிருக்கிறது. படிக்காதது உங்கள் கட்சிக்காரரின் குற்றம் இல்லையா?"

"இல்லை, மை லேடி." மகள் சொல்லிக்கொடுத்தபடி முதலில் இல்லை, பிறகு காரணம். ஓய்வுபெற்ற நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். துறைத்தலைவர் கடைசி வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை மகளுக்குச் சூடு வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த கேள்வி. அதற்கும் பதில், கணீரென்று. ஒரே வாரத்தில் இப்படி ஒரு மாற்றமா என்று நேர அட்டைக்காரிகூட வாயைப் பிளந்தாள். பெற்ற தாய் இத்தனை அழகாகப் பேசுவதைக் கேட்டு மகளுக்கு அழுகை வந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

மூன்றாவது பதிலின் நடுவில் அம்மாவின் வேகம் குறைந்தது.

மகள் அதைக் கவனித்தாள். அம்மாவின் பார்வை பெண் வக்கீலின் முகத்தில் இல்லை. அந்த வக்கீலின் கையிலிருந்த கேள்வித்தாளில் இருந்தது. கேட்டு முடித்த கேள்விக்கு நேராகப் பெண் வக்கீல் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

இரண்டு நிமிட அட்டை உயர்ந்தது.

"கடைசியாக ஒன்று" என்று பெண் வக்கீல் தாளைப் பார்த்தே வாசித்தாள். "வாடிக்கையாளர் அன்று கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தால், அந்த மறதிக்குக் கடைக்காரர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?"

ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அம்மா நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. துறைத்தலைவரின் புன்னகை கவலையாக மாறியது. அடடா, மறுபடி அடைத்துக்கொண்டதே என்று அவர் நினைத்திருப்பார். அறையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒருத்தியைத் தவிர.

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். மகளின் முகத்தில் ஈயாடவில்லை. பெற்றவளுக்கு அந்த முகத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டுமா என்ன? பால்கனிக் குசுகுசுப்பு, பஸ்ஸில் நடுங்கிய கை, 'காதுல நாலு கேள்வி விழாதா' என்ற சிரிப்பு, எல்லாம் அவளுக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

ஒரு நிமிட அட்டை.

"பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாம், எண் நான்கு. தவறில்லை" என்றாள் பெண் வக்கீல், கனிவாகத்தான்.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். தோற்றுப்போவாள், ஆனால் வீடு தப்பும், மகளின் வேலை தப்பும். சொல்லிடும்மா, சொல்லிடும்மா என்று மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். இப்படி வேண்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"பதில் தெரியும், மை லேடி" என்றாள் அம்மா.

ஒத்திகைத் தமிழ் அவளிடமிருந்து கழன்றுபோயிருந்தது. வீட்டுக் குரல் வந்தது.

"பதில் தெரியும். ஆனா சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தக் கேள்வியை இன்னிக்குக் காலைலயே எங்கிட்ட கேட்டுட்டாங்க. இதே வார்த்தையில. இதுக்கு முன்னாடி நீங்க கேட்ட மூணும் அப்படித்தான். நான் அந்தப் பதிலையும் வாபஸ் வாங்கிக்கறேன். வெளியே அஞ்சாவதா ஒரு பொண்ணு வாந்தி எடுத்துட்டு உட்கார்ந்திருக்கா. அவளுக்கு யாரும் காலைல கேள்வி கேட்டு வச்சிருக்க மாட்டாங்க."

நேர அட்டைக்காரி 'நிறுத்து' அட்டையைத் தூக்க மறந்துபோனாள்.

துறைத்தலைவர் எழுந்தேவிட்டார். நீல உறையைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார், அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாற்காலியை விட்டு எழவில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இது இனி மாதிரி நீதிமன்றம் இல்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"காலைல உங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டது யாரும்மா?"

அம்மா குனிந்து தன் குறிப்புகளைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? யாருன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

அதே கேள்வி. பதினாறு வருடம் வீட்டிலும் கனவிலும் துரத்தி வந்த அதே கேள்வி. அம்மாவின் விரல்கள் சாய்மேசையின் விளிம்பை இறுகப் பற்றின. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பெற்ற பெண். இரண்டு பேரையும் காப்பாற்ற இரண்டே வார்த்தை போதும். ஒரு தடவை தங்கையைக் காவு வாங்கிய அந்த வார்த்தைகள், இதோ, நாக்கு நுனியில் வந்து நிற்கின்றன.

பயம் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ஒரு துளிகூடப் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் அவள் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள், நீளமான கோட்டுக் கையை மணிக்கட்டு வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டாள், நிமிர்ந்தாள்.

"ஞாபகம் இருக்கு, மை லார்ட்" என்றாள் அம்மா.